இருட்டு கேட்ட செடிகள்

ஜனவரி 3

யூனியனில் கொடுத்த புது டைரி. முதல் பக்கத்தில் 'ச. சூசைநாதன், லைன்மேன், மிஷன் காலனி, கோத்தகிரி' என்று எழுதிவிட்டேன். எங்கள் செக்‌ஷனில் டைரி எழுதுகிற லைன்மேன் நான் ஒருவன்தான். உதவிப் பொறியாளர் ஏ.இ. மேடமே ஒருமுறை, "எந்த வருஷம் எந்தக் கம்பம் சாஞ்சதுன்னு சூசையண்ணனைக் கேட்டாப் போதும்" என்று சொல்லியிருக்கிறார்.

இன்று மாலை என் மனைவி விண்ணரசி, வேலை பார்க்கிற மேல் பங்களாவிலிருந்து ஜீப்பில் வந்து இறங்கினாள். பதினெட்டு வருஷமாக நடந்து வருகிறவள். ஜீப்பின் பின்னால் முழுக்கப் பூந்தொட்டி. பங்களாவில் கிறிஸ்துமஸுக்கு அலங்காரம் செய்ய வருஷாவருஷம் பெங்களூரிலிருந்து வரவழைக்கும் சிவப்புச் செடி. பாயின்செட்டியா என்று பெயர். இங்கே எல்லோருக்கும் கிறிஸ்துமஸ் செடி. விருந்தாளிகள் போனதும் குப்பைக்குழியில் கொட்டச் சொன்னார்களாம். இவள் கேட்டு வாங்கி வந்துவிட்டாள்.

"குப்பையை வீட்டுக்குக் கொண்டு வந்திருக்கியே" என்றேன்.

"உசுரோட இருக்கிறது எப்படிங்க குப்பையாகும்?" என்றாள். டிரைவர் பையன் தொட்டிகளை இறக்கிவிட்டு அவள் முகத்தைப் பார்க்காமலே வண்டியைத் திருப்பினான்.

ஜனவரி 4

விண்ணரசி வேலைக்குப் போகவில்லை. இடுப்பு வலி என்றாள்.

ஜனவரி 9

இன்றும் போகவில்லை. பங்களாவைப் புது காண்ட்ராக்டர் எடுத்திருக்கிறாராம், அவர் ஆட்களையே வைத்துக்கொள்வாராம். நல்லதாகப் போயிற்று. ஐம்பது தாண்டியவள் எத்தனை நாள் அடுத்தவர் படுக்கைவிரிப்பை மாற்றிக்கொண்டிருப்பது? டீக்கடையில் கேட்டவர்களிடம், "நான்தான் நிக்கச் சொல்லிட்டேன். என் சம்பளம் போதாதா?" என்றேன். உண்மையும் கிட்டத்தட்ட அதுதான்.

ஜனவரி 22

அரவேணு பக்கம் சவுக்கு மரம் விழுந்து இரண்டு கம்பம் போயிற்று. மதியத்துக்குள் சப்ளை கொடுத்தோம்.

வீட்டில் செடிகள் இலை கொட்டுகின்றன. சிவப்பு போய்ப் பழுப்பாகி, ஒவ்வொன்றாக விழுகிறது. விண்ணரசி தினமும் மண்ணில் விரலை விட்டுப் பார்க்கிறாள். காய்ந்திருந்தால் கொஞ்சம் தண்ணீர், ஈரமென்றால் கிடையாது. தண்ணீர் தேங்கினால் வேர் அழுகிவிடுமாம். "செத்ததுக்கு எதுக்கு வைத்தியம்?" என்றேன். அடுத்த தொட்டிக்கு நகர்ந்தாள்.

பிப்ரவரி 11

கோயம்புத்தூரிலிருந்து அமலி போன் செய்தாள். எங்கள் ஒரே மகள். அங்கே நர்ஸாக இருக்கிறாள்.

"அப்பா, நீங்கதான் அம்மாவை நிக்கச் சொன்னதா எல்லார்கிட்டயும் சொல்றீங்களாமே. அவங்களை அனுப்பிட்டாங்கப்பா. புது ஆளுங்களுக்கு எல்லா அறையையும் சுத்திக் காட்டச் சொல்லிட்டு, சாயங்காலம் 'நாளையிலிருந்து வர வேண்டாம்'னு சொல்லியிருக்காங்க. அம்மா என்கிட்ட அழுதாங்க."

"நீ உன் டியூட்டியைப் பாரு" என்று வைத்துவிட்டேன். என்னிடம் அவள் அழவில்லை. அழுகிற அளவுக்கு ஒன்றுமில்லை என்றுதானே அர்த்தம்.

மார்ச் 14

விண்ணரசி கத்தியை எடுத்து எல்லாச் செடியையும் மொட்டையடித்துவிட்டாள். ஒரு ஜாண் குச்சிதான் மிச்சம். வெட்டின இடத்தில் பால் வடிந்தது. அது கையில் பட்டு அவளுக்கு அரிப்பு, தேங்காயெண்ணெய் தடவிவிட்டேன். "போஜன் அப்படித்தான் வெட்டச் சொன்னாரு" என்றாள். போஜன் பஸ் ஸ்டாண்டுக்குக் கீழே நர்சரி வைத்திருப்பவர். அவரிடம் போய்க் கேட்டு வருகிற அளவுக்கு விஷயம் போயிருக்கிறது, எனக்குத் தெரியவில்லை.

ஏப்ரல் 6

குச்சியில் துளிர்!

நான் இதை எதிர்பார்க்கவில்லை என்று எழுதினால்தான் நியாயம். தொட்டிக்குத் தொட்டி கிளிப்பச்சையில் இலை. விண்ணரசி என்னைக் கூப்பிட்டுக் காட்டினாள். ஜனவரிக்குப் பிறகு அவள் என்னை எதற்காவது அப்படிக் கூப்பிட்டது இன்றுதான்.

மே 2

மோசமான நாள். எதிர்வீட்டு யோகராணி டீ ஃபாக்டரி ஷிப்ட் முடிந்து இருட்டும் நேரம் ஏறி வந்திருக்கிறாள். எங்கள் வீட்டுக்குக் கீழே இருக்கிற வளைவில் கரடி. தோளிலும் காதிலும் கிழித்துவிட்டது. சத்தம் கேட்டு நானும் அவள் வீட்டுக்காரன் தியாகுவும் ஓடினோம். விண்ணரசி தன் சேலையைச் சுற்றி ரத்தத்தை அமுக்கிப் பிடித்துக்கொண்டே ஆஸ்பத்திரி வரை போனாள். உயிருக்கு ஆபத்தில்லை என்று சொல்லிவிட்டார்கள்.

அந்த வளைவுக்கு ஒரு விளக்கு வேண்டுமென்று காலனியில் எத்தனையோ வருஷமாகப் பேசுகிறோம். ஊருக்கெல்லாம் வெளிச்சம் கொடுக்கிறவன் குடியிருக்கும் தெரு இருட்டு. தியாகுவின் கையைப் பிடித்து, "இந்த வருஷம் லைட் வரும். இது என் பொறுப்பு" என்று சொன்னேன்.

மே 30

ஊராட்சித் தலைவரிடம் மனு. காலனியில் எல்லோரிடமும் கையெழுத்து வாங்கினேன். யோகராணி இடது கையால் போட்டாள்.

ஜூன் 18

சாரல். விண்ணரசி துளிர்த்த கிளைகளில் நுனி வெட்டிப் பதியன் போடுகிறாள். மணல், மக்கின இலை, காய்ந்த சாணம். பெயின்ட் டப்பா, உடைந்த வாளி, என் பழைய ஹெல்மெட் வரை தொட்டியாகிவிட்டது. வாசல் முழுக்கச் செடி. மோட்டார் சைக்கிளை வெளியே நிறுத்துகிறேன்.

சின்ன வயசில் எஸ்டேட்டில் கொழுந்து பறித்த கை அவளுடையது. எதை நட்டாலும் பிடிக்கும். இதை நான் அவளிடம் சொன்னதில்லை, இங்கே எழுதி வைக்கிறேன்.

ஜூலை 25

ஒரு வாரமாக மழை. தினமும் எங்காவது மண்சரிவு, எங்காவது லைன் அறுப்பு. ரெயின்கோட்டுக்குள்ளேயும் நனைந்தாயிற்று. எழுத நேரமில்லை. மனு பற்றி மூன்றாவது தடவை போய்க் கேட்டேன்.

ஆகஸ்ட் 15

சுதந்திர தினமும் மாதாவின் விண்ணேற்புத் திருநாளும். பூசை முடிந்து வெளியே பேசிக்கொண்டிருந்தோம். பங்குத்தந்தை, கிறிஸ்துமஸ் பீடத்துக்கு வழக்கம்போலப் பெங்களூர்ச் செடி சொல்லிவைக்க வேண்டும் என்றார். எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை.

"எதுக்கு ஃபாதர் பெங்களூர்? என் வீட்டம்மா வளக்கிறா. பீடம் முழுக்க நாங்க தர்றோம். மிச்சத்தைக் கிறிஸ்துமஸ் சந்தையில மேசை போட்டு விக்கலாம்."

ஃபாதருக்கு ஒரே சந்தோஷம். எங்கள் தெரு ஜெபக்குழுவான அன்பியத்துப் பெண்கள் எல்லோரும் விண்ணரசியைத் திரும்பிப் பார்த்தார்கள். நெஞ்சு நிமிர்ந்து வீடு வந்தேன்.

வீட்டுக்குள் நுழைந்ததும் அவள் முக்காட்டை எடுத்து மடித்துக்கொண்டே, "என்னை ஒரு வார்த்தை கேட்டீங்களா?" என்றாள். "ஒரு தடவை கூட நான் அதைச் சிவக்க வச்சதில்லைங்க. கடையில சிவந்து வந்ததைத்தான் பாத்திருக்கேன். சிவக்கலைன்னா பீடம் மொட்டையா நிக்கும். பங்களாவுல என்னை அனுப்பினது பத்தாதுன்னு கோயிலும் சிரிக்கணுமா?"

சிவக்காமல் எங்கே போகும் என்றேன். சாப்பாடு போட்டுவிட்டுச் செடிகளைப் பார்க்கப் போனாள்.

செப்டம்பர் 9

விண்ணரசி செடிகளின் நுனியைக் கிள்ளிவிடுகிறாள். கிள்ளினால் பக்கத்துக்குப் பக்கம் கிளைத்து அடர்த்தியாக வருமாம். இலைக்கடியில் வெள்ளை ஈ. சோப்புத் தண்ணீர் தெளித்து ஒவ்வொரு இலையாகத் துடைக்கிறாள். செடிகள் இப்போது பங்களாவில் இருந்ததைவிட நன்றாக இருக்கின்றன. டீக்கடையில் போட்டோ காட்டினேன்.

யோகராணி வேலைக்குத் திரும்பிவிட்டாள். சாயங்காலம் வளைவில் ஏறும்போது தகரத்தட்டைக் கரண்டியால் அடித்துக்கொண்டே வருகிறாள். அந்தச் சத்தம் கேட்கும்போதெல்லாம் எனக்குச் சாப்பாடு இறங்குவதில்லை.

அக்டோபர் 4

இந்த நாளைச் சிவப்பு மையில் எழுத வேண்டும். லைட் வந்துவிட்டது!

ஊராட்சியிலிருந்து எல்.இ.டி. விளக்கு வந்தது. கம்பம் நட்டதும் நான், லைன் இழுத்ததும் நான். வெளிச்சம் வளைவு முழுக்க, எங்கள் வாசல் வரைக்கும் பால் மாதிரி. தியாகு எனக்குப் பொன்னாடை போர்த்தினான். யோகராணி விளக்கைப் பார்த்துக் கும்பிட்டாள், அப்புறம் என்னைப் பார்த்து. "அண்ணே, இனிமே தட்டு வேண்டாம்" என்றாள்.

வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து விளக்கைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். விண்ணரசி டீ கொண்டுவந்து தந்தாள். "சந்தோஷமா?" என்று கேட்டாள். "இந்த வேலையில சேந்ததுக்கு இன்னைக்குத்தான் அர்த்தம்" என்றேன். அவளும் சிரித்தாள்.

அக்டோபர் 13

விண்ணரசி சாயங்காலமானால் செடிகளைத் தூக்கிக்கொண்டுபோய்ப் பின்னால் காலியாகக் கிடக்கிற ஆட்டுக்கொட்டகையில் வைத்துக் கதவைச் சாத்துகிறாள். காலையில் மறுபடி வெயிலுக்கு எடுத்து வருகிறாள். "பனிக்கா?" என்றேன். "ம்" என்றாள்.

நீலகிரிப் பனி எப்போது விழும் என்று எனக்குத் தெரியாதா? இன்னும் நாள் இருக்கிறது என்று விளக்கிச் சொன்னேன். "இருக்கட்டுங்க" என்றாள். பிடிவாதம்.

அக்டோபர் 20

கொட்டகையில் கால்வாசிச் செடிதான் கொள்ளும். மிச்சத்தை அட்டைப்பெட்டி போட்டு மூடுகிறாள். காற்றில் அட்டை பறக்கிறது. போய்ப் போய் எடுத்து வருகிறாள். இடுப்புக்கு நான்தான் தைலம் தேய்க்கிறேன். உதவிக்கு வரவா என்றால், "நீங்க உக்காந்து லைட்டைப் பாருங்க" என்கிறாள். கோபமாகச் சொல்லவில்லை, அன்பாகத்தான் சொன்னாள்.

அக்டோபர் 29

கட்டபெட்டு ஊராட்சியிலிருந்து ஒருவர் வந்து எங்கள் விளக்கைப் பார்த்துவிட்டுப் போனார். அவர்களுக்கும் இதேபோல் வேண்டுமாம்.

மழையில் அட்டைப்பெட்டியெல்லாம் ஊறிக் கூழாகிவிட்டது. வாசல் செடிகள் திறந்துதான் கிடக்கின்றன. கொழுகொழுவென்று பச்சை. சிவப்பின் சாயலே இல்லை.

நவம்பர் 5

பூசையில் ஃபாதர் எல்லோருக்கும் முன்னால், "இந்த வருஷம் பீடத்துக்கு நம்ம பங்கிலேயே வளந்த செடி" என்று அறிவித்தார். எனக்குப் பெருமை. விண்ணரசி தலையைக் குனிந்துகொண்டாள். அடக்கம்.

நவம்பர் 7

பஸ் ஸ்டாண்டுக்குக் கீழே ஃபியூஸ் போட்டுவிட்டுப் போஜன் நர்சரியில் தண்ணீர் குடிக்கப் போனேன். செடி சிவக்கவில்லையே, என்ன உரம் போடலாம் என்று பேச்சோடு பேச்சாகக் கேட்டேன்.

"உரம் எதுக்கு? உங்க வீட்டம்மா போன மாசமே வந்து கேட்டாங்களே" என்றார். "அது இருட்டுல சிவக்கிற செடி சார். சாயங்காலத்திலிருந்து விடியற வரைக்கும் ஒரு பொட்டு வெளிச்சம் படக்கூடாது. பட்டா, இன்னும் கோடைகாலம்தான்னு நினைச்சுப் பச்சையாவே நிக்கும். வீட்டுக்கிட்ட தெருவிளக்கு ஏதாச்சும் வந்திருக்கான்னு கேட்டேன். ஆமான்னாங்க. அப்ப ஒண்ணு விளக்கை மறைங்க, இல்ல செடியை மறைங்கன்னு சொல்லி அனுப்பினேன். உங்ககிட்ட சொல்லலியா?"

சொன்னாள் என்றேன்.

நவம்பர் 8

எழுத ஒன்றுமில்லை.

நவம்பர் 9

நேற்று நடந்ததை இன்று எழுதுகிறேன்.

நேற்று சாயங்காலம் கம்பத்தடிக்குப் போனேன். சுவிட்ச் பெட்டிச் சாவி என்னிடம்தானே. வீட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்தால், விண்ணரசி இரண்டு கக்கத்திலும் தொட்டியை இடுக்கிக்கொண்டு கொட்டகைக்குப் போய்க்கொண்டிருக்கிறாள். போய் வருகிறாள், மறுபடி போகிறாள். ஒரு மாதமாக நாற்காலியில் உட்கார்ந்தபடி இதைத்தான் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

பெட்டியைத் திறந்துவிட்டேன். அப்போது வளைவில் யோகராணி வந்தாள். கையில் தட்டு இல்லை. பாதையின் நடுவில், தோளில் பையைப் போட்டுக்கொண்டு, ஏதோ பாட்டை முணுமுணுத்தபடி ஆற அமர ஏறி வந்தாள். வெளிச்சத்தில் அவள் காதுத் தழும்பு தெரிந்தது.

"என்னண்ணே, ரிப்பேரா?" என்று கேட்டாள். குரல் மாறிவிட்டது அவளுக்கு.

"இல்லம்மா, சும்மா பாத்தேன்" என்று பெட்டியைப் பூட்டினேன்.

வீட்டுக்கு வந்து விண்ணரசியிடம் கேட்டேன். ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று.

அவள் கைமண்ணைத் தட்டிக்கொண்டு படியில் உட்கார்ந்தாள். "எந்த வாயால சொல்றது? அஞ்சு மாசம் மனுவைத் தூக்கிட்டு அலைஞ்சீங்க. அன்னைக்கு அந்தச் சால்வையோட உக்காந்திருந்தீங்களே, கல்யாணத்தன்னைக்குக்கூட உங்க முகம் அப்படி இல்ல. அதை அணைங்கன்னு சொல்லவா? யோகா ரத்தத்தை என் கையால அமுக்கிப் பிடிச்சிருக்கேன். அவ நடந்து வர வேணாமா? செடிதானே, தூக்கி வச்சுக்கலாம்னு பாத்தேன்."

"முடிஞ்சுதா?"

"முடியலைங்க" என்றாள். "கொட்டகையில வச்சது மட்டும்தான் லேசா நரம்பு சிவக்குது. வாசல்ல இருக்கிறது அத்தனையும் பச்சை. என்னால அவ்வளவு தூக்க முடியல."

அப்போதுதான் அழுதாள். என் முன்னால். நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். "நாளைக்கு லீவு போடறேன்" என்று மட்டும் சொன்னேன்.

இன்று லீவு போட்டேன். தலைவருக்குப் போன் போட்டு, வெளிச்சம் வீட்டுக்குள் அடிக்கிறது, ஒரு பக்கம் மட்டும் தடுப்பு வைக்கவா என்று கேட்டேன். "உங்க லைட்டு, உங்களுக்குத் தெரியாததா" என்றார். எண்ணெய் டின்னை வெட்டி விரித்து, வளைத்து, கறுப்புப் பெயின்ட் அடித்து விளக்கின் எங்கள் பக்கத்தில் மாட்டினேன். இரண்டு தடவை இறங்கி வந்து பார்த்து, மறுபடி ஏறி வளைத்தேன். இப்போது பாதை முழுக்க வெளிச்சம். எங்கள் வாசல் இருட்டு. வளைவில் நின்று யோகராணியைக் கூப்பிட்டுக் காட்டினேன். "எனக்கு ஒரு அடிகூடக் குறையல அண்ணே" என்றாள்.

தடுப்பைத் தாண்டியும் எதிர்ச்சுவரில் பட்டுக் கொஞ்சம் வெளிச்சம் தெறிக்கிறது. ஆகவே மூங்கில் நட்டுக் கறுப்புத் தார்ப்பாய்ப் பந்தல் ஒன்றும் போட்டோம். சாயங்காலம் இழுத்து மூடுவது, காலையில் சுருட்டுவது. மூடும் வேலை என்னுடையது என்று சொல்லிவிட்டேன்.

நவம்பர் 10

போஜன் வந்து பார்த்தார். கொட்டகைச் செடி கிறிஸ்துமஸுக்குத் தப்பாது என்றார். வாசல் செடி? உதட்டைப் பிதுக்கினார். "நேத்துத்தானே இருட்டையே பாத்துச்சு. நல்லாப் பாத்துக்கிட்டா மூணு ராஜாக்கள் திருநாளுக்குச் சிவக்கலாம்."

கிறிஸ்துமஸ் முடிந்து பன்னிரண்டு நாள் கழித்துச் சிவந்து என்ன பயன் என்று நினைத்தேன், சொல்லவில்லை.

நவம்பர் 26

தார்ப்பாய் மூடிவிட்டுத்தான் டீ. டியூட்டியில் மாட்டிக்கொண்டால் போன் செய்து விண்ணரசியிடம் சொல்கிறேன். ஒருநாள் தியாகு மூடினானாம். மூடின பிறகு உள்ளே குனிந்து எங்காவது வெளிச்சம் கசிகிறதா என்று பார்க்கிறேன். லைன்மேன் இருட்டைச் சரிபார்க்கிறான் என்று விண்ணரசி சிரிக்கிறாள்.

டிசம்பர் 8

கொட்டகையில் சிவப்பு! நரம்பிலிருந்து பரவி இலை முழுக்க. சிவப்பாவது பூ இல்லை, இலைதான். நடுவில் இருக்கிற மஞ்சள் குமிழ்தான் பூ என்று விண்ணரசி சொன்னாள். ஒரு வருஷமாக வீட்டில் இருக்கிறது, எனக்கு இன்றுதான் தெரியும்.

வாசலில் இன்னும் பச்சை.

டிசம்பர் 17

கிறிஸ்துமஸ் சந்தை. கோயில் முற்றத்தில் கேக் மேசை, ஊறுகாய் மேசை, குல்லாய் பின்னி விற்கிற சிஸ்டர்கள் மேசை. நடுவில் விண்ணரசி மேசை. சிவந்ததையெல்லாம் பீடத்துக்கு ஒதுக்கிவிட்டாள். ஒன்றையும் விற்கக் கொண்டுவரவில்லை. மேசை முழுக்கப் பச்சைத் தொட்டி.

எனக்குக் கூச்சமாக இருந்தது. மறைக்காமல் எழுதுகிறேன்.

அன்பியத் தலைவி ஜோஸ்பின் டீச்சர் வந்து, "என்ன விண்ணரசி, கீரை விக்கிறியா?" என்று கேட்டார். சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். நான் பதில் சொல்ல வாயெடுப்பதற்குள் விண்ணரசி சொன்னாள்: "இது தாமதமா இருட்டுக்குப் போன செடி டீச்சர். மூணு ராஜாக்கள் திருநாளுக்குச் சிவக்கும். மத்தவங்க வீட்டுல குடில் கலைக்கிற சமயம் உங்க வீட்டுல சிவப்பா நிக்கும். ஆனா நான் சொல்ற மாதிரி சாயங்காலம் மூடி வைக்கணும். அதுக்குப் பொறுமை இருந்தா வாங்குங்க, இல்லாட்டிக் கேக் வாங்கிட்டுப் போங்க."

டீச்சர் ஒரு தொட்டியை எடுத்து இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார். "சிவக்கலைன்னா?"

"திருப்பிக் கொண்டுவாங்க. என் வீடு எங்கேயும் போகாது."

டீச்சர் வாங்கினார். அவர் வாங்கியதும் மற்றவர்களும் வந்தார்கள். ஒவ்வொருவருக்கும் விண்ணரசி தனித்தனியாக விளக்கினாள். சாயங்காலம் அலமாரிக்குள் வையுங்கள், காலையில் சன்னலுக்கு எடுங்கள், மண்ணில் விரலை விட்டுப் பார்த்துத் தண்ணீர் விடுங்கள் என்று. அவள் இவ்வளவு நேரம் தொடர்ந்து பேசி நான் கேட்டதில்லை.

வெலிங்டனிலிருந்து வந்த ஓர் அம்மா, "நீங்க மேல் பங்களாவுல இருந்தவங்கதானே? ஏன் விட்டீங்க?" என்று கேட்டார். நான் முந்திக்கொண்டு, "நான்தான் நிக்க..." என்று ஆரம்பித்தேன்.

"அனுப்பிட்டாங்க மேடம்" என்றாள் விண்ணரசி, சாதாரணமாக, எல்லோர் காதிலும் விழும்படி. "அவங்க தூக்கிப் போட்ட செடியைத்தான் பெருக்கி இங்க கொண்டுவந்திருக்கேன். இதெல்லாம் அதோட பிள்ளைங்க."

அந்த அம்மா மூன்று தொட்டி வாங்கினார். ஒரு வருஷமாக நான் டீக்கடையில் சொல்லிவந்ததைவிட அவள் சொன்னது எவ்வளவு நிமிர்வாக இருந்தது. வரும் வழியில் அவள் கையிலிருந்த பையை வாங்கிக்கொண்டேன்.

டிசம்பர் 24

காலையில் ஆட்டோவில் செடிகளைக் கோயிலுக்குக் கொண்டுபோனோம். ஒன்றின் மேல் ஒன்று சாயாமல் நான் பின்னால் உட்கார்ந்து பிடித்துக்கொண்டேன். பீடத்துக்கு இருபக்கமும், குடிலுக்கு முன்னாலும், படியில் வரிசையாகவும் விண்ணரசி தானே அடுக்கினாள். பெங்களூர்ச் செடி பீடத்தில் முப்பது வருஷமாகப் பார்க்கிறேன். இப்படி ஒரு சிவப்பு கிடையாது. பெருமைக்குச் சொல்லவில்லை, உண்மையைச் சொல்கிறேன்.

அமலி வந்திருக்கிறாள். கோயிலுக்குள் நுழைந்ததும் நின்றுவிட்டாள். "அம்மா, இவ்வளவுமா?" என்றாள். விண்ணரசி, "உங்கப்பா ஆகஸ்ட்லயே வாக்குக் கொடுத்துட்டாரே, வேற வழி?" என்றாள்.

ஃபாதர் எல்லோருக்கும் நன்றி சொல்லும்போது, "லைன்மேன் சூசையும் அவர் மனைவியும்" என்று ஆரம்பித்தார். நான் கையைத் தூக்கி, "விண்ணரசி மட்டும் ஃபாதர்" என்றேன். பாடற்குழுப் பெண்கள் கைதட்டினார்கள்.

டிசம்பர் 30

வாசலில் விற்காமல் மிஞ்சிய செடிகளில் சிவப்பு ஏறுகிறது! இன்றைக்கும் தார்ப்பாய் மூடினேன். நிறுத்திவிடலாமா என்று கேட்டதற்கு விண்ணரசி, "வாங்கிட்டுப் போனவங்க மூடிக்கிட்டிருப்பாங்க. நாம மட்டும் நிறுத்தறதா?" என்றாள்.

ஜனவரி 6

புது டைரியில் முதல் பெரிய பதிவு இதுதான்.

மூன்று ராஜாக்கள் திருநாள். காலையிலிருந்து என் போன் ஓயவில்லை. ஒவ்வொருவராகப் படம் அனுப்புகிறார்கள். வெலிங்டன் அம்மா சன்னலில் மூன்றும் சிவப்பு. ஜோஸ்பின் டீச்சர் போனில் பேசவே வந்துவிட்டார். "விண்ணரசிகிட்ட குடுங்க. உங்ககிட்ட இல்ல" என்றார். போனைக் கொடுத்துவிட்டுப் பக்கத்திலேயே நின்றேன். "சிவந்திருச்சு விண்ணரசி! பேத்தி பள்ளிக்கூடத்திலேர்ந்து வந்து அலமாரியில வச்சு மூடிட்டுத்தான் சாப்பிடுவா. இனிமே இலை கொட்டுமாமே, அப்புறம் என்ன பண்ணணும்?" விண்ணரசி வாசல் படியில் உட்கார்ந்து, மொட்டையடிப்பதிலிருந்து எல்லாவற்றையும் சொன்னாள்.

சாயங்காலம் காலனியை ஒரு சுற்று நடந்து வந்தேன். வேலை இல்லாமல், பார்ப்பதற்காகவே. வீட்டுக்கு வீடு குடில் கலைந்துவிட்டது, நட்சத்திரம் இறங்கிவிட்டது. சன்னலில் மட்டும் சிவப்பு. எங்கெங்கே இருக்கிறது என்று எனக்கு மனப்பாடம்.

ஒரே ஒரு வீட்டில் பச்சை. யோகராணி வீடு. அவளுக்கு விண்ணரசி விற்கவில்லை, சும்மா கொடுத்திருந்தாள். வாசல் படியிலேயே வைத்திருக்கிறாள். விளக்கு வெளிச்சம் நேராக அதன்மேல் விழுகிறது. நன்றாகத்தான் வளர்ந்திருக்கிறது, கொழுகொழுவென்று. ஒரு இலைகூடச் சிவக்கவில்லை.

"ஏம்மா, மதினி சொல்லித் தரலியா? உள்ள வச்சு மூடணும்" என்றேன்.

"சொன்னாங்கண்ணே." யோகராணி ஷிப்ட் முடிந்து அப்போதுதான் வந்திருந்தாள், செருப்புக்கூடக் கழற்றவில்லை. "ரெண்டு நாள் மூடினேன். அப்புறம் வெளியிலேயே வச்சிட்டேன். வளைவு திரும்பினதும் இந்தச் செடி தெரியுது. அது தெரிஞ்சா வீடு வந்துடுச்சுன்னு காலு தானா நடக்குது. சிவக்காட்டிப் பரவால்லண்ணே. தப்பா நினைச்சுக்காதீங்க."

தப்பாக நினைக்கவில்லை. அங்கேயே கொஞ்ச நேரம் நின்றேன். ஊர் முழுக்கச் சிவந்த செடிகளைப் பார்த்து ஏற்பட்ட பெருமையைவிட, சிவக்காத அந்த ஒன்றைப் பார்த்து நெஞ்சு கூடுதலாக நிறைந்தது. இதை யாரிடமும் டீக்கடையில் சொல்ல முடியாது. சொன்னால் புரியாது.

வீட்டுக்கு வந்து விண்ணரசியிடம் சொன்னேன். அவள் தார்ப்பாயை உதறி மடித்துக்கொண்டிருந்தாள். இந்த வருஷத்துக்கு மூடும் வேலை முடிந்தது. கொஞ்சம் யோசித்தாள்.

"அடுத்த தடவை அவளுக்கு ஜெரேனியம் தரேன்" என்றாள். "அதுக்கு வெளிச்சம்னா உசுரு. அந்தப் பக்கம் பிடிங்க, நாலா மடிக்கணும்."

பிடித்தேன்.